கயிறு எட்டாத மேசைகள்

அஸர் பாங்கு முடிந்த கையோடு கிடா படியேறி வந்தது. மூன்று மாடி. கொம்பைப் பிடித்து ஒருவன் முன்னால் இழுத்தான். யெரோ லி பின்னாலிருந்து தோளால் முட்டித் தள்ளினான். ஒவ்வொரு திருப்பத்திலும் அது நின்று மூச்சு வாங்கியது. பிறகு அவர்கள் மூச்சு வாங்கினார்கள். மொட்டை மாடிக் கதவைத் தாண்டியதும் அது தலையைத் தூக்கிக் காற்றை முகர்ந்தது. நேராக லெட்டூஸ் மேசைகளைப் பார்த்தது.

தெனிங் ஃபாய் பூவாளியைக் கீழே வைத்தாள்.

"குனிஞ்சு வணக்கம் சொல்லு, ஃபாய்," என்றான் யெரோ. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. "உன் எசமான் வந்திருக்கார்."

"எது எசமான்? கொம்பு இருக்கிறதா, இல்லாததா?"

முன்னால் இழுத்தவன் சிரித்துக் கொம்பை விட்டுவிட்டான். கிடா இரண்டு எட்டு வைத்தது. தெனிங் குறுக்கே போய் நின்றாள்.

இது நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். தபாஸ்கி எனும் பக்ரீத் பெருநாளுக்கு முன்னால் டக்காரில் குர்பானிக் கிடா நிற்காத மொட்டை மாடி கிடையாது. போன வருடம் இதே மாடியில் வீட்டுக்கு ஒன்றாகக் கட்டியிருந்தார்கள். அப்போது அவளிடம் மேசைகள் இல்லை. தன் அறைப் பால்கனியில் தக்காளி டின்களில் புதினா மட்டும் வைத்திருந்தாள். பெருநாள் முடிந்து மாடியைக் கழுவிவிட்ட பிறகு வீட்டுக்காரரின் தம்பி மொமாரிடம் கேட்டு முதல் மேசையை மேலே ஏற்றினாள். இப்போது ஆறு மேசைகள். சரக்குப் பலகைகளைப் பிரித்து அடித்த தொட்டிகள், இடுப்பு உயரத்துக்குக் கால் வைத்தவை. உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு. மண் கிடையாது. மண்ணைச் சுமந்தால் மாடி தாங்காது. ஊறவைத்த நிலக்கடலைத்தொலியும் உமியும்தான். தினமும் தண்ணீரில் உரம் கரைத்து ஊற்ற வேண்டும், வேருக்குக் காற்றுப் போக விரலால் தொலியைக் கிளறிவிட வேண்டும். நான்கு மேசையில் லெட்டூஸ், ஒன்றில் புதினா, ஒன்றில் புளிச்சகீரை. ஹோட்டல் சலவை வேலை போன பிறகு அவளுக்கு இருந்தது இதுதான். மாடி போனால் திரும்பவும் அடுத்தவர் துணி.

மொமார் மாடியைக் கொடுத்தபோதே சொல்லியிருந்தார். "பெருநாள் வரைக்கும் பார்ப்போம், மகளே. யாராவது குறை சொன்னா இறக்கிடணும்."

குறை சொல்லாமல் இருக்கத்தான் அவள் பார்த்தாள். அவள் மாதா கோயில் பூசைக்குப் போகிறவள். அவளுக்குக் கிடா கிடையாது. ஆனால் பெருநாளன்று இந்தக் கட்டடத்தில் எல்லா வீட்டிலிருந்தும் அவளுக்கு இறைச்சி வரும். ஈஸ்டருக்கு அவள் எல்லா வீட்டுக்கும் கடலைக் கூழ் கொடுத்தனுப்புவாள். அப்படி இருக்கும்போது கிடாவை மேலே ஏற்றாதே என்று எந்த வாயால் சொல்வது? மற்றக் குடித்தனக்காரர்கள் இந்த வருடம் கடைசி நாளில்தான் வாங்கப் போகிறார்கள், வாங்கி முற்றத்தில் கட்டுகிறோம் என்றார்கள். யெரோ ஒருவன்தான் முன்னதாகவே வாங்கிவிட்டான். அவன் கீழ்த்தளத்தில் தையல்கடை வைத்திருக்கிறான். முற்றத்தில் கட்டினால் வாடிக்கையாளர்களின் புது அங்கிகளைக் கிடா மென்றுவிடும் என்றான்.

அதைவிடப் பெரிய சிக்கல், அவனிடம் நிஜமாக எதையும் பேச முடியாது. ஃபாய்களுக்கும் லிகளுக்கும் கேலிமுறை. ஃபாய் என்றால் செரேர் இனம், லி என்றால் துக்குலோர் இனம். இந்த இரண்டு இனத்து ஆட்களும் எங்கே பார்த்துக்கொண்டாலும் ஒருவரை ஒருவர் அடிமை என்பார்கள், திருடன் என்பார்கள், சோற்றுக்குச் செத்தவன் என்பார்கள். இழவு வீட்டில்கூடச் சொல்வார்கள். கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் தோற்றவர். தெனிங் இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த நாளில், படுக்கையை ஏற்ற உதவ வந்த யெரோ அவள் குடும்பப் பெயரைக் கேட்டான். ஃபாய் என்றதும் படுக்கையை நடுப்படியில் வைத்துவிட்டு, "அப்ப நீயே தூக்கு, அடிமைக்கு நான் தூக்கலாமா?" என்றான். பிறகு அவனேதான் தூக்கினான். அன்றிலிருந்து அவர்களுக்குள் ஒரு சாதாரண வாக்கியம் போனதில்லை.

கிடா வந்த அன்றே மொமார் மேலே வந்தார். இன்னும் இரண்டு பெண்கள் கொடியில் துணி எடுப்பது போல வந்து நின்றார்கள். தெனிங் பொறுமையாக ஆரம்பித்தாள்.

"கிடா இருக்கட்டும். ஆனா இந்த மேசைல அது வாய் வச்சா நானே அறுத்துருவேன்."

"நீ அறுப்பியா?" என்றான் யெரோ. "ஒயின் குடிச்ச கை. நடுங்குமே."

"நடுங்கினா பக்கத்துல நிக்கிற லி மேல விழும். ரெண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது."

பெண்கள் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். மொமாரும் சிரித்தார்.

"நான் விளையாடலை," என்றாள் தெனிங்.

அதற்குத்தான் எல்லோரும் அதிகமாகச் சிரித்தார்கள்.

கடைசியில் ஏற்பாடு ஒன்று ஆனது. கிடா தண்ணீர்த்தொட்டி ஓரம், மேசைகள் எதிர்ப்பக்கம். யெரோ கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை எடுத்துக் கயிற்றை அளந்தான். முளையிலிருந்து கிடாவின் மூக்குவரை, பிறகு மூக்கிலிருந்து முதல் மேசைவரை. நடுவில் ஒரு முழம் மிச்சம் வருமாறு முடிச்சுப் போட்டான். அவள் அந்த முடிச்சை அவிழ்த்து இன்னும் இறுக்கமாகப் போட்டாள். அவன் அதை மறுபடி அவிழ்த்துப் போட்டான். அவனுடைய இரண்டு கையும் பெருநாள் தையலில் ஊசி ஏறி ஏறிக் கொப்பளித்திருந்ததை அவள் அப்போது பார்த்தாள். அவள் தண்ணீர் பிடித்துவைக்கும் இரண்டு நீல டிரம்மில் ஒன்றைக் கிடாவின் குளியலுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்றும் மொமார் சொன்னார். அவள் ஒப்புக்கொண்டாள். கயிறு எட்டாது. அது போதும்.

லெட்டூஸ் முழுவதும் உலிமாத்தாவுக்கு. சந்தையில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் மலையாகக் குவித்து நடுவில் உட்கார்ந்திருப்பவள். பெருநாளன்று சுட்ட இறைச்சியோடு எல்லா வீட்டிலும் வெங்காயமும் லெட்டூஸும் வேண்டும். ஊருக்கு வெளியே உள்ள தோட்டங்களிலிருந்து வண்டி வண்டியாக வரும் இலையை உலிமாத்தா நம்புவதில்லை. என்ன தண்ணீர் ஊற்றுகிறார்களோ என்பாள். இரண்டு மாதம் முன்பு தெனிங்கின் மேசைகளை ஏறிவந்து பார்த்தாள். மூச்சிரைக்க ஒரு இலையைக் கிள்ளி அப்படியே வாயில் போட்டு மென்றாள். "குழாத் தண்ணி," என்றாள். "வேற எதுவும் கலக்கலையே?" உரம் மட்டும் என்றாள் தெனிங். "சரி. பெருநாளுக்கு மொத்தமும் எனக்கு. வேற ஆளுகிட்ட நான் வாங்க மாட்டேன், வேற ஆளுக்கு நீ விக்கக் கூடாது. இது சரியா வந்தா வருஷம் பூராவும் நீதான்." கழுவாமல் தின்னலாம் என்று சொல்லித்தான் அவள் விற்பாள் என்று தெனிங்குக்குப் பிறகு தெரிந்தது.

கிடா ஒழுங்காக இருந்தது. தீவனம் தின்றது, கயிற்றின் முனைவரை வந்து கழுத்தை நீட்டியது, திரும்பிப் போய்ப் படுத்தது. யெரோ காலையில் ஒருமுறை வந்து அதற்கு வாசனைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவான். தன் பிள்ளைகளைக்கூட இவ்வளவு தேய்த்திருக்க மாட்டான். "பொண்டாட்டி பொறாமைப்படப் போறா," என்றாள் தெனிங். "அவ ஏற்கெனவே பொறாமைதான். ஆனா கிடா திருப்பிப் பேசாது, பாரு," என்றான்.

வெயில் ஏறியது. இரண்டாவது நாள் குழாயில் தண்ணீர் நின்றது.

அன்று மதியம் தெனிங் காலி வாளியோடு முற்றத்தில் இறங்கினாள். குழாயைச் சுற்றிப் பெண்கள் பாத்திரங்களை வரிசையில் வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். தையல்கடை ஜன்னலில் யெரோவின் தலை தெரிந்தது. அவனைச் சுற்றி வெட்டிப்போட்ட துணி. ஒரு பெண் தன் அங்கி எப்போது கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நாளைக்கு, சத்தியமா நாளைக்கு," என்றான். நிழலில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெருநாளுக்கு முந்தின வாரத்தில் தையல்காரன் செய்யும் சத்தியம் என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

அவளைப் பார்த்ததும் அவன் ஊசியை வாயிலிருந்து எடுத்தான்.

"ஃபாய்! என் டிரம்ல கை வைக்காதே. கிடாவுக்கு உண்ணி மருந்து கலந்து வச்சிருக்கேன். நீ பாட்டுக்கு எடுத்துக் குடிச்சிட்டுச் செத்துப்போனா உன் மீன் சோத்த யாரு திங்கிறது?"

"அது என் டிரம்."

"இப்ப எசமானோடது."

"எசமான் முதல்ல குடிச்சுக் காட்டட்டும். மீதி இருந்தா நான் குடிக்கிறேன்."

"குடிச்சிடாதேன்னு சொல்றேன், பிடிவாதக்காரி."

"நேத்து மேசையே உன்னோடதுன்ன. முந்தாநாள் என் செருப்பு உன்னோடதுன்ன. இப்ப தண்ணியா? லிக்கு எதைப் பார்த்தாலும் பசுமாடு மாதிரியே தெரியும், கயித்தைப் போட்டு இழுத்துட்டுப் போகணும்."

நிழலில் ஒரு பெண் கைதட்டினாள். யெரோவும் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னான். தையல் இயந்திரம் ஓட ஆரம்பித்ததால் கேட்கவில்லை.

அடுத்த நாளும் தண்ணீர் வரவில்லை. தெனிங்கின் டிரம் அடிவரை வழித்தாகிவிட்டது. லெட்டூஸ் உடனே காட்டிக்கொடுத்துவிடும். வெளி இலைகள் முதலில் தளரும், பிறகு நடுக்குருத்து. மண்ணாக இருந்தால் ஒரு நாள் பொறுக்கும், தொலி பொறுக்காது. காலையில் மேலே போனபோது நான்கு மேசையும் தலை கவிழ்ந்திருந்தன. பெருநாளுக்கு மூன்று நாள். மூலையில் இரண்டாவது டிரம் முக்கால்வாசி நிறைந்து நின்றது. மூடியைத் தள்ளினாள். சோப்பு வாசனை வந்தது. சோப்புக்குப் பின்னால் வேறொரு நெடியும் இருந்தது. கிடாவின் நெடி என்று எடுத்துக்கொண்டாள். தண்ணீர் சற்று வெளிறியிருந்தது. குளிப்பாட்டிய குவளையை அப்படியே உள்ளே முக்கியிருப்பான். கொஞ்சம் சோப்பு ஒன்றும் செய்யாது.

கிடா பார்த்துக்கொண்டிருந்தது. "உன் எசமான்கிட்ட சொல்லிக்கோ," என்றாள். பூவாளியில் மொண்டு நான்கு மேசைக்கும் ஊற்றினாள். இலை மேல், குருத்து மேல், வேரில். புதினாவுக்கும் புளிச்சகீரைக்கும் அன்று ஊற்றவில்லை. அவை தாங்கும். ஒரு மணி நேரத்தில் லெட்டூஸ் நிமிர்ந்தது. மாலையில் முற்றியதாகப் பார்த்து ஒரு பேசின் நிறைய அறுத்து, ஈரத்துணி போர்த்தி, உலிமாத்தாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். மற்றதை நாளை மறுநாள் காலையில் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் அவள் தொலியைக் கிளறிக்கொண்டிருந்தபோது யெரோ வந்தான். கையில் தேய்க்கும் பிரஷ். கிடாவின் முதுகைத் தட்டினான், டிரம்மின் மூடியைத் தள்ளினான். குவளையை உள்ளே விட்டான். கை தோள்வரை போயிற்று. குவளை அடியில் தட்டும் சத்தம் கேட்டது.

அவன் அப்படியே குனிந்து நின்றான். அவள் ஒரு கேலியை எதிர்பார்த்துப் பதிலை வாயில் வைத்திருந்தாள்.

"தெனிங்," என்றான் அவன்.

இத்தனை வருடத்தில் அவன் அவளை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை.

"நீங்க இந்தத் தண்ணியையா ஊத்துனீங்க?"

அவள் கையைத் தொலியிலிருந்து எடுத்தாள். நீங்க. விரல்களைப் பார்த்தாள். பிறகு பாவாடையில் துடைத்தாள். துடைத்ததும் பாவாடையையும் பார்த்தாள்.

"எந்த மருந்து?"

அவன் தொட்டிக்குப் பின்னாலிருந்து பாட்டிலை எடுத்து வந்தான். பாதி இருந்தது. அதில் மண்டையோட்டுப் படம் இருந்தது. அவளிடம் கொடுத்துவிட்டு, ஆட்டுச்சந்தையில் அதை விற்றவனுக்குப் போன் செய்தான். அவள் பக்கத்தில் போய் நின்றாள். விற்றவன் உற்சாகமாகப் பேசினான். தோலுக்குத்தான் தம்பி, வயித்துக்கு இல்ல. கிடா நக்காமப் பாத்துக்க. நீ நக்கினியா என்ன? அவன் சிரிப்பது இவளுக்கும் கேட்டது. யெரோ போனை வைத்தான்.

"நான் சொன்னேன்," என்றான்.

"சொன்ன."

"எல்லார் முன்னாடியும் சொன்னேன்."

"சொன்னன்னுதான் சொல்றேனே."

மேசைகளில் ஒரு குறையும் இல்லை. கிடாவுக்கு உண்ணி போயிருந்தது போல, இலைகளில் இருந்த அசுவினியும் போயிருந்தது. இவ்வளவு சுத்தமாக அவள் லெட்டூஸ் ஒருமுறைகூட வந்ததில்லை. நடுவில் வெளிர்ப்பச்சை, ஓரத்தில் சுருள். கீழே கொண்டுபோனால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கழுவினால் போகுமா என்று யெரோ கேட்கவில்லை. அவள்தான் தனக்குள் கேட்டுக்கொண்டாள். கேட்டது கிடாவின் கழுத்து மணி ஒருமுறை ஆடும் நேரம்தான் இருக்கும். பிறகு முதல் மேசையின் ஓரத்துக்குப் போய் முதல் செடியை வேரோடு பிடுங்கினாள்.

"சாக்கு வேணும்," என்றாள்.

அவன் கீழே ஓடினான். வெட்டுத்துணி போட்டுவைக்கும் சாக்குகளைக் கொட்டிவிட்டுக் கொண்டுவந்தான். இருவரும் பேசாமல் பிடுங்கினார்கள். அதுதான் படிக்கட்டில் யாரையோ உறுத்தியிருக்க வேண்டும். ஃபாயும் லியும் ஒரே மாடியில் இருக்கிறார்கள், சத்தமே இல்லை. இரண்டாம் மாடி ஆவா ஏறிவந்தாள். பின்னால் இன்னும் மூன்று பெண்கள்.

"அறுவடையா? ஒண்ணு குடு."

"குடுக்க முடியாது. மருந்துத் தண்ணி பட்டிருக்கு."

"என்ன மருந்து?"

"கிடா மருந்து."

ஆவா யெரோவைப் பார்த்தாள், தெனிங்கைப் பார்த்தாள், வாய்விட்டுச் சிரித்தாள். "அன்னைக்கு அவன் சொன்னது உனக்குப் பாடமாயிடுச்சா? கஞ்சப் பொண்ணே, ஒரு செடிக்கு இவ்வளவு கதையா?" சாக்கின் வாயிலிருந்து ஒன்றை உருவி இடுப்பில் செருகினாள்.

"அக்கா, அது நிஜம்," என்றான் யெரோ.

"என் அங்கி நாளைக்குன்னு சொன்னியே, அது மாதிரி நிஜமா?"

பெண்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தெனிங் போய் ஆவாவின் இடுப்பிலிருந்து செடியைப் பிடுங்கினாள். ஆவா விடவில்லை. இலை கிழிந்து இரண்டு கையிலும் வந்தது. தெனிங் தன் கையில் இருந்ததைத் தரையில் போட்டுக் காலால் தேய்த்தாள். ஆவாவின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து மீதியையும் எடுத்துத் தேய்த்தாள். பிறகு துணி வெளுக்க வைத்திருந்த பிளீச்சிங் தண்ணீர்க் கேனைத் திறந்து ஒவ்வொரு சாக்கிலும் ஊற்றினாள். நெடி கண்ணைக் கரித்தது. சிரிப்பு நின்றது. ஆவா தன் கையை முகர்ந்து பார்த்தாள். கீழே குழாயில் தண்ணீர் இல்லை என்பது நினைவு வந்தவள் போல, வீட்டுக் குடத்தைத் தேடி இறங்கிப் போனாள்.

மொமார் வந்தபோது மேசைகள் வெறுமையாக இருந்தன. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தார்.

"கேள்விப்பட்டேன்," என்றார். "அல்லாஹ் காப்பாத்தினான். சரி மகளே, மேசைதான் காலியாயிடுச்சே. இறக்கிடலாமா? நாளைக்கு நாலு பேர் கிடா கொண்டுவர்றாங்க. முற்றத்துல இடம் பத்தாது போலிருக்கு."

"காலியா இல்ல, மாமா."

"என்ன இருக்கு?"

"இன்னிக்குத் தொலி அள்ளுறேன். நாளைக்குத் தண்ணி வாங்கியாவது கழுவுறேன். புதுத் தொலி ஊற வைக்கிறேன். ஊறுற மேசைய நகர்த்தக் கூடாது."

அவர் யெரோவைப் பார்த்தார். அவன் கேலியாக ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்ப்பவர் போல. யெரோ தொலி அள்ளிக்கொண்டிருந்தான். கீழே பதினைந்து பேருடைய அங்கி பாதியில் கிடந்தது. மொமார், பெருநாள் முடியட்டும் பேசுவோம் என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

கடைசிச் சாக்கைக் கட்டும்போதுதான் யெரோ வாயைத் திறந்தான்.

"உலிமாத்தாகிட்ட என்ன சொல்லப் போற?"

அவள் சாக்கின் முடிச்சை இறுக்கினாள்.

"கிடா தின்னுடுச்சுன்னு சொல்லு. கயிறு அறுந்துடுச்சு, நாலு மேசையும் போச்சு. முடிச்சு நான் போட்டது, எல்லாரும் பார்த்தாங்க. ஒரு ஃபாய் சொன்னா நம்பாதவங்ககூட லி கட்டின முடிச்சு அவுந்துச்சுன்னா நம்புவாங்க." அவன் சிரிக்க முயன்றான். "என் பேருக்கு ஒண்ணும் ஆகாது. தையல்காரன் பேரு. உன் இலைக்குத்தான் பேரு வேணும்."

அது அவன் அவளுக்குக் கொடுத்ததிலேயே பெரிய பொருள் என்று அவளுக்குப் புரிந்தது. அதற்கு மேல் அவள் எதுவும் செய்ய வேண்டாத பொய். யாருக்கும் நஷ்டமில்லை. கிடாவும் நாளை மறுநாள் இருக்கப் போவதில்லை. அவள் கையை பிளீச்சிங் தண்ணீரில் கழுவினாள், தோல் சுருங்கும்வரை கழுவினாள். நேற்று கொடுத்த பேசின் அவள் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

"கிடாவப் பாத்துக்க," என்று சொல்லிவிட்டுச் சந்தைக்கு நடந்தாள்.

சந்தையில் கால் வைக்க இடமில்லை. வெங்காயச் சருகு பறந்தது. ஒலிபெருக்கியில் யாரோ கத்தி தீட்ட அழைத்துக்கொண்டிருந்தான். உலிமாத்தா தராசுக்குப் பின்னால் நின்று ஒரே நேரத்தில் மூன்று பேரிடம் பேசிக்கொண்டிருந்தாள். தெனிங்கைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கினாள்.

"வா, வா, பாவம்! உன் லி போன் பண்ணிட்டான். கிடா மொத்தத்தையும் தின்னுடுச்சாமே!" அவள் சிரிப்பில் குவியலிலிருந்து ஒரு உருளைக்கிழங்கு உருண்டது. "அந்த ஆளு போன்ல அழாத குறை. அவன் தைக்கிற பட்டனே நிக்காது, முடிச்சா நிக்கும்?"

"அக்கா..."

"ஒண்ணும் சொல்லாதே. ஆடு தின்னா நீ என்ன பண்ணுவ? எனக்குக் கோபம் இல்ல. இந்தப் பெருநாளைக்கு வண்டி இலையவே வாங்கிச் சமாளிச்சுக்கிறேன். முடிஞ்சதும் நீ கொண்டா. உன் இடத்தை யாருக்கும் குடுக்க மாட்டேன்." அவள் தராசின் இடது பக்கம் காட்டினாள். சுத்தமாகத் துடைத்த ஒரு மரப்பெட்டி காலியாக இருந்தது. அதன் பக்கத்தில் ஈரத்துணி போர்த்திய பேசின். "நேத்து குடுத்தியே, அதை விக்கலை. என் வீட்டுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன். சாயங்காலம் கொண்டுபோகணும்."

தெனிங் துணியை விலக்கினாள். வைத்தது வைத்தபடி இருந்தது. எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவள் அடுக்கிய அடுக்கு கலையவில்லை. பேசினை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எங்க தூக்கிட்டுப் போற?"

"வாடிப்போச்சு அக்கா. வேற தர்றேன்."

"எங்க வாடுச்சு? பொய் சொல்லாதே. சரி சரி, உன் வீட்டுல ஒண்ணும் இல்லாம போச்சு, எடுத்துக்க." உலிமாத்தா ஏற்கெனவே அடுத்த ஆளின் பையில் வெங்காயம் கொட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஆளிடம் சொன்னாள்: "இந்தப் பொண்ணு இலைய நான் கழுவுறதே இல்ல. இந்த ஊர்ல இவ ஒருத்திதான்."

தெனிங் நான்கு கடை தாண்டி நடந்தாள். பேசின் கனக்கவில்லை. மீன்கடைத் தண்ணீர் ஓடும் இடத்தில் நின்றாள். சாக்கடை அங்கேயே இருந்தது. இலைகளை ஒரு கையால் கசக்கிப் பிழிந்து, கறுப்புத் தண்ணீரில் போட்டு, ஒவ்வொன்றும் முங்கும்வரை பார்த்தாள். பேசினைக் கவிழ்த்து உதறினாள். இனி யாருக்கும் எதுவும் ஆகாது. வீட்டுக்குப் போகும் வழி வலப்பக்கம்.

அவள் திரும்பி வந்தபோது உலிமாத்தா நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் என்ன?"

"கிடா தின்னலை, அக்கா."

"என்ன?"

"கிடா மேசைப் பக்கமே வரலை. அவன் உண்ணி மருந்து கலந்து வச்ச தண்ணிய நான் ஊத்திட்டேன். எடுக்காதேன்னு சொன்னான். கேலி பண்றான்னு நினைச்சேன். நேத்துக் காலைல ஊத்தினேன். சாயங்காலம் உங்களுக்குக் குடுத்தேன்."

உலிமாத்தாவின் கை தராசுத்தட்டில் நின்றது. வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். இன்னொருத்தி என்ன ஆச்சு என்று கேட்க, முதல் பெண் அவள் காதில் சொன்னாள். காது காதாக அது வரிசையின் கடைசிவரை போவதைத் தெனிங் பார்த்தாள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"நீங்க தின்னலைன்னு பார்த்துக்கிட்டேன். அந்தப் பேசின சாக்கடைல கொட்டிட்டேன். மாடியில இருந்ததை எல்லாம் பிடுங்கியாச்சு. தொலியையும் அள்ளியாச்சு. பிளாஸ்டிக்கக்கூட மாத்தப் போறேன். நாளைக்குப் புதுத் தொலி ஊறும். புது டிரம் வாங்கி மூடிக்குப் பூட்டுப் போடுவேன். மழை ஆரம்பிக்கிறதுக்குள்ள இலை வந்துடும். வந்ததும் முதல் இலைய உங்க கண்ணு முன்னாடி நான் தின்னு காட்டுறேன்."

உலிமாத்தா காலிப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு வரிசையைப் பார்த்தாள். யாரும் வெங்காயம் கேட்கவில்லை.

"வாங்குவீங்களா, அக்கா?"